கஜாவுக்கு இன்னும் சென்ட்ரிங் பிரிக்கலை

பெரிய நாய் வளர்த்தா தெருவுல ஆளாளுக்கு ஆலோசனை சொல்லுவாங்க. இலவசமா. பால்காரர்ல ஆரம்பிச்சு சிலிண்டர் போடறவர் வரைக்கும் எல்லாரும் ஒரே குரல்ல சொல்றது ஒண்ணுதான். "நல்லா ஓட விடுங்க, அப்பத்தான் கால் பலமாகும்." நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா கிரேட் டேன் மாதிரி ராட்சச ஜாதிக் குட்டி விஷயத்துல அது பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க மக்களே.

எங்க வீட்டுப் பிள்ளை 2022 ஜூன்ல கோயமுத்தூருக்கு வந்தான். அப்ப அவனுக்கு 8 வாரம். பழுப்பு உடம்பு, மூஞ்சியில மட்டும் கரி பூசின மாதிரி கறுப்பு. முழுப்பேரு கடோத்கஜன், கூப்பிடறது கஜா. "போர்ல செத்தவன் பேரை எதுக்கு வைக்கறீங்க"ன்னு மாமியார் ஆட்சேபிச்சாங்க. மகாபாரதத்துல செத்தவங்களை எல்லாம் கழிச்சுட்டா பேரு வைக்க அஞ்சாறு பேர்தான் தேறுவாங்கன்னு ரங்கமணி சொல்லி முடிச்சுட்டார். :-)

பேரு பொருத்தமாத்தான் அமைஞ்சுது. கதையில கடோத்கஜன் பொறந்த அன்னிக்கே வாலிபனா வளந்து நின்னானாம். கிரேட் டேன் கிட்டத்தட்ட அந்த வேகம். பொறக்கறப்ப அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல இருக்கற குட்டி, ஒண்ணரை வருஷத்துல 60 கிலோவைத் தொடுது. அதாவது நூறு மடங்கு. நம்ம வீட்டுல 3 கிலோவுல பொறந்த குழந்தை ஒண்ணரை வயசுல 300 கிலோ இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ரேஷன் கார்டுல தனி வரி போடணும்.

சிக்கல் இங்கதான் வருது. உடம்பு வளர்ற வேகத்துக்கு எலும்பு கெட்டிப்படறதில்லை. கால் எலும்போட முனைகள்ல குருத்தெலும்புப் பட்டை ஒண்ணு இருக்கும். எலும்பு நீளறதே அந்த இடத்துலதான். அந்தப் பட்டை மிருதுவானது. வளர்ச்சி முடிஞ்ச பிறகுதான் அதுவும் எலும்பா மாறி மூடிக்கும். சின்ன ஜாதி நாய்களுக்கு ஒரு வயசுக்குள்ள மூடிடும். ராட்சச ஜாதிக்கு ஒண்ணரை வருஷத்துல இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் ஆகலாம். அதுவரைக்கும் அந்த இடத்துல பலமா அடிபட்டா, எலும்பு கோணலா வளரும், இல்லை கால் ஒண்ணு குட்டையா நின்னுடும். மூட்டுல இருக்கற குருத்தெலும்பும் அந்த வயசுல அப்படித்தான், இளசு.

ஆக, ஆறு மாசக் கிரேட் டேன்னா 40 கிலோ எடை, இடுப்பு உயரம், குரைச்சா கேட்டுக்கு வெளிய நிக்கற கூரியர்காரர் பார்சலை அங்கயே வச்சுட்டு ஓடற அளவுக்குக் குரல். ஆனா உள்ள இருக்கறது ஒண்ணாங்கிளாஸ் பையனோட எலும்பு. பாக்கறவங்களுக்கு அது தெரியாது. அவனுக்கும் தெரியாது, அதான் பெரிய கஷ்டமே.

இப்ப என் மாமனாரைப் பத்திச் சொல்லியாகணும். அவருக்குச் சொந்த ஊரு ராஜபாளையம் பக்கம். சின்ன வயசுல அவங்க வீட்டுல எப்பவும் ரெண்டு மூணு ராஜபாளையம் நாய் இருக்குமாம். வெள்ளை வெளேர்னு, வில்லு மாதிரி உடம்பு. 2005ல தபால்துறை நம்ம நாட்டு நாய்களுக்கு ஸ்டாம்ப் போட்டப்ப அதுல ராஜபாளையமும் இருந்துது. அந்த ஸ்டாம்ப்பை இன்னும் பர்ஸுல வச்சிருக்கார். (பேரப்பிள்ளைங்க போட்டோ அதுக்குப் பின்னாடிதான் இருக்கு!) அவருக்கு நாய்னா ஓடணும். சைக்கிளுக்குப் பின்னாடி, டிவிஎஸ் ஐம்பதுக்குப் பின்னாடி, வயக்காட்டு வரப்புல.

கஜாவுக்கு அஞ்சு மாசம் ஆனப்ப எங்க கூட இருக்க வந்தார். ரெண்டாம் நாளே ஆரம்பிச்சுது.

"ஏம்மா, இவன் என்ன நாயா, சோபாவா? சாயங்காலம் வண்டியில கட்டி ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாரேன்."

"வேண்டாம் மாமா. அவனுக்கு எலும்பு இன்னும் முத்தலை."

"ஓடாம எலும்பு எப்படிம்மா முத்தும்?"

நியாயமான கேள்விதான். வெறும் "டாக்டர் வேண்டாம்னாங்க"ன்னு சொல்லி அடக்கற ஆளும் இல்லை அவர். நாப்பது வருஷம் கட்டட கான்ட்ராக்ட் எடுத்து நடத்தினவர். காரணம் சொன்னாத்தான் கேப்பார். நான் காரணம் சொன்னேன். அவர் கேட்டுக்கிட்டார். ஆனா நம்பலை. தினமும் காலையில கஜாவைப் பாத்து "பாவம்டா நீ"ன்னு ஒரு பெருமூச்சு. என்னைப் பாக்காம, ஆனா எனக்குக் கேக்கற மாதிரி.

அவர் ஊரு நாய் அனுபவம் பொய்யில்லை. ராஜபாளையம் நாய் உயரமானதுதான், ஆனா ஒல்லி. அதை விட ரெண்டு மூணு மடங்கு எடையைத் தாங்கற குட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இவன் ஒவ்வொரு தடவை எகிறிக் குதிச்சு இறங்கறப்பவும் அத்தனை கிலோவும் முன்னங்கால் மூட்டுல வந்து விழுது. தார் ரோட்டுல வண்டிக்குப் பின்னாடி ஓடறப்ப இன்னொண்ணும் இருக்கு. வேகத்தை முடிவு பண்றது நாய் இல்லை, ஆக்ஸிலேட்டரைப் பிடிச்சிருக்கற ஆள். குட்டிக்கு வலிச்சாலும் கழுத்துல கயிறு இருக்கறதால ஓடித்தான் ஆகணும். பிள்ளைங்க தானா விளையாடறப்ப களைச்சா உக்காந்துடும். கட்டி இழுத்தா அதுக்கு வழியில்லை.

ஏழாவது மாசத்துல ஒருநாள் காலையில எழுந்தவன் முன் வலதுகாலை ஊனலை. கீழ விழலை, அடிபடலை, வீங்கலை. எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு கால்சியம் டானிக் பாட்டிலோட வந்து நின்னாங்க. மாமனார் ஒண்ணுமே பேசலை. அவர் பேசாம இருந்ததுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துது.

டாக்டரம்மா கால் எலும்பை நடுவுல ஒவ்வொரு இடமா அழுத்திப் பாத்தாங்க. ஒரு இடத்துல கஜா 'வீல்'னு கத்திட்டான். அப்புறம் எக்ஸ்ரே. பேனாஸ்டிடிஸ்னு சொன்னாங்க, வேகமா வளர்ற குட்டிகளுக்கு எலும்புக்குள்ள வர்ற ஒரு வலி. ஒரு கால்ல சரியாகி இன்னொரு கால்ல வரும், சில மாசத்துல தானா போயிடும், வலி இருக்கற நாள்ல ஓய்வு, அவங்க எழுதிக் குடுக்கற மருந்து மட்டும், அவ்ளோதான். (நம்ம அலமாரியில இருக்கற வலி மாத்திரையை எடுத்துக் குடுத்துடாதீங்க. இபுப்ரோஃபென் எல்லாம் நாய்க்கு விஷம்.)

கால்சியம் டானிக்கைப் பத்திக் கேட்டேன். "தொடவே தொடாதீங்க"ன்னாங்க. பெரிய ஜாதிக் குட்டிகளுக்குன்னே தயாரிச்ச தீவனத்துல தேவையான அளவு இருக்கு. அதுக்கு மேல குடுத்தா, சின்னக் குட்டியோட குடலுக்கு வேண்டாததைத் தள்ளத் தெரியாது, உள்ள ஏத்திக்கும், எலும்பு வளர்ச்சி கெட்டுப் போகும். நெதர்லாந்துல உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துல 1980கள்ல கிரேட் டேன் குட்டிகளை வச்சே இதைக் காட்டியிருக்காங்க. அதுக்கும் முன்னாடி 1974ல அமெரிக்காவுல கார்னெல்ல வெளியான ஆராய்ச்சியும் கிரேட் டேன் குட்டிகளை வச்சுத்தான். இஷ்டத்துக்குச் சாப்பிட்ட குட்டிகளுக்கு, அளவாச் சாப்பிட்ட குட்டிகளை விட எலும்புக் கோளாறு அதிகமா வந்துது. நம்ம ஊருல கொழுகொழுன்னு இருந்தாத்தான் குட்டி ஆரோக்கியம்னு நினைப்பு. எங்க வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தரும் "என்ன, எலும்பும் தோலுமா இருக்கான்"னாங்க. தடவினா விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், அதான் சரியான அளவு.

சரி, எக்ஸ்ரேக்கு வர்றேன். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல வச்சு பேனாவால காட்டினாங்க. முழங்கால் பக்கத்துல, எலும்போட தலைக்கும் உடம்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு. "இது உடைசல் இல்லை. இன்னும் எலும்பாகாத இடம். இது மறையற வரைக்கும்தான் நான் ஓட்டாதீங்கன்னு சொல்றேன்."

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் கிட்டப் போய்ப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார்.

"அப்ப இன்னும் சென்ட்ரிங் பிரிக்கலைன்னு சொல்லுங்க."

டாக்டரம்மாவுக்குப் புரியலை. நான் சிரிச்சுட்டேன். கூரைக்குக் கான்கிரீட் போட்டா மேல பாக்க கல்லு மாதிரி இருக்கும். ஆனா அடியில சவுக்குக் கட்டை முட்டுக் குடுத்துத்தான் நிக்கும். தண்ணி விட்டு, நாள் கணக்கா விட்டு, அப்புறம்தான் பிரிப்பாங்க. அதுக்கு முன்னாடி மேல செங்கல் லோடு இறக்கினா என்ன ஆகும்னு அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை நாளா நான் பேசிப் பேசிப் புரிய வைக்க முடியாததை அந்த ஒரு கறுப்புக் கோடு பண்ணிடுச்சு.

அன்னியில இருந்து ஆளே மாறிட்டார். தெருவுல யாராவது "ஓட விடுங்க சார்"ன்னா போதும், அரைமணி நேரம் கான்கிரீட் பாடம். பால்காரர் வழியை மாத்திக்கிட்டார்னு நினைக்கறேன்.

ஆனா இன்னொரு பக்கமும் சொல்லியாகணும். ஓட்டக்கூடாதுன்னா கட்டிப் போடணும்னு அர்த்தமில்லை. சில பேர் பயத்துல ஒரு வருஷம் கூண்டுலயே வளக்கறாங்க. அதுவும் தப்பு. அசையாத குட்டிக்குத் தசை வராது, தசை இல்லாம மூட்டு நிக்காது. நார்வேயில நியூஃபவுண்ட்லேண்ட், லேப்ரடார், லியான்பர்கர், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட்னு நாலு ஜாதிக் குட்டிகளைப் பொறந்ததுல இருந்து தொடர்ந்து கவனிச்சு, 2012ல முடிவை வெளியிட்டாங்க. முதல் மூணு மாசம் தினமும் மாடிப்படி ஏறி இறங்கின குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வர்ற வாய்ப்பு அதிகம். அதே மூணு மாசத்துல கயிறில்லாம மண்ணுல, புல்லுல, மேடு பள்ளத்துல தானா சுத்தின குட்டிகளுக்கு வாய்ப்பு குறைவு. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச சேதி. ஆட்டம் பிரச்சினை இல்லை. எந்தத் தரையில, யார் இஷ்டத்துக்குங்கறதுதான் பிரச்சினை.

'வயசு மாசத்துக்கு அஞ்சு நிமிஷம்'னு ஒரு கணக்கு எல்லாரும் சொல்லுவாங்க. நாலு மாசக் குட்டின்னா ஒரு நடைக்கு 20 நிமிஷம். இதுக்குப் பின்னாடி பெரிய ஆராய்ச்சி எதுவும் கிடையாது, அனுபவக் கணக்கு. எங்களுக்கு அது ஒரு கடிவாளமா உதவிச்சு, அவ்ளோதான். கடிகாரத்தை விட கஜாவைத்தான் பாத்தோம். நடுவுல பின்தங்கறானா, உக்காந்துடறானா, வீட்டுக்கு வந்து படுத்து எழுந்திரிக்கறப்ப விறைப்பா நடக்கறானா, பின்னங்கால் ரெண்டையும் சேத்து வச்சு முயல் மாதிரி தத்தறானா. இதுல எதுவும் இருந்தா அடுத்த நாள் நடை பாதி. விடாம நொண்டினா டாக்டர்.

தடுப்பூசி எல்லாம் முடியற வரைக்கும், அதாவது நாலு மாசம் கிட்ட வரைக்கும், தெருவுக்கே கூட்டிட்டுப் போகலை. பார்வோ பயம் ஒரு பக்கம், தெரு நாய்ங்க சண்டை இன்னொரு பக்கம். பின்வாசல் மண் தரைதான் அவன் உலகம். அப்புறம் நடை. ஆனா அது நம்ம வாக்கிங் மாதிரி இல்லை. மோந்து பாக்கற நடை. ஒரு வேப்பமரத்தடியில பத்து நிமிஷம் நிப்பான். முந்தின நாள் அங்க வந்துட்டுப் போன அத்தனை நாயோட சேதியும் படிச்சு, பதிலும் போட்டுட்டுத்தான் நகருவான் (நம்ம பின்னூட்டம் மாதிரிதான்!). அவசரப்படுத்தாதீங்க. இருபது நிமிஷ மோப்பத்துல குட்டி நல்லாவே களைச்சுடும், மூட்டுக்குப் பாரமும் இல்லை. வீட்டுக்குள்ள தீவனத்தை நாலு டப்பாவுக்கு அடியில ஒளிச்சு வச்சுத் தேட விடறதும் அப்படித்தான்.

பந்து எறியறதை ஒண்ணரை வயசு வரைக்கும் வச்சுக்கலை. முழு வேகத்துல ஓடி, சடார்னு நின்னு, உடம்பைத் திருப்பற அந்த ஒரு அசைவுதான் மூட்டுக்கு எமன். பக்கத்துத் தெரு லேப்ரடாரோட மல்லுக்கட்டு விளையாட்டும் பாத்துப் பாத்துத்தான். அது நாலு வயசு ஆள், மோதினா ரயில் மோதின மாதிரி.

எல்லாரும் மறக்கறது வீட்டுத் தரை. நம்ம வீடுகள்ல இப்ப எங்க பாத்தாலும் வழவழ டைல்ஸ். காலிங்பெல் அடிச்சதும் குட்டி எழுந்து ஓடறப்ப நாலு காலும் நாலு பக்கம் போகும். சிரிப்பாத்தான் இருக்கும், வீடியோ கூட எடுப்போம். ஆனா தினமும் இருபது தடவை இடுப்பு விரியறது எந்த வாக்கிங்கை விடவும் மோசம். ரங்கமணி ஹால்ல இருந்து வாசல் வரைக்கும் ரப்பர் மேட் வாங்கிப் போட்டார். வீடு ஜிம் மாதிரி இருக்குன்னு மாமியார் ஒரு மாசம் புலம்பினாங்க. நகத்தை ஒட்ட வெட்டினதும் உதவிச்சு. மாடிப்படிக்குக் கீழ ஒரு மரக் கதவு. கார்ல இருந்து குதிக்க விடாம ஒரு சாய்வுப் பலகை. அது வர்றதுக்கு முன்னாடி ரங்கமணியே தூக்கி இறக்குவார். 25 கிலோ வரைக்கும் பெருமையா, 35 கிலோவுல முனகலோட. அதுக்கப்புறம்தான் பலகை வந்துது. ஹிஹி.

வெயிலைப் பத்தித் தனியாச் சொல்ல வேண்டாம். இருந்தாலும் சொல்றேன். பெரிய உடம்பு சீக்கிரம் ஆறாது. புறங்கையை ரோட்டுல ஏழு செகண்டு வச்சுப் பாருங்க, உங்களால முடியலைன்னா அவன் பாதத்துக்கும் முடியாது. காலையில ஆறரைக்குள்ள, ராத்திரி எட்டு மணிக்கு மேல, எங்க நேரம் இதுதான். சாப்பிட்ட கையோட ஆட்டம் கூடாது. கிரேட் டேனுக்கு வயிறு காத்தடைச்சு முறுக்கிக்கற ஆபத்து மத்த எந்த ஜாதியையும் விட அதிகம். வயிறு உப்பி, வாந்தி வராம ஓங்கரிச்சுக்கிட்டே, எச்சில் ஒழுக நிலைகொள்ளாம அலைஞ்சா ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆபரேஷன் பண்ற இடத்துக்கு ஓடணும். அப்படி ஒரு இடம் உங்க ஊருல எதுன்னு இன்னிக்கே விசாரிச்சு வச்சுக்கோங்க.

இதெல்லாம் பண்ணிக்கிட்டு இருந்தப்ப என்னை உறுத்தினது ஒண்ணு இருக்கு. கிரேட் டேனோட ஆயுசு ஏழுல இருந்து பத்து வருஷம். அதுல ரெண்டு வருஷத்தை "இரு, மெதுவா, வேண்டாம்"னே கழிச்சோம். நம்ம கணக்குல பதினஞ்சு இருபது வருஷம் மாதிரி. ஒரு மழை நாள்ல எதிர் காலி மனையில தெரு நாய்ங்க தண்ணியைத் தெறிச்சுக்கிட்டு ஓடறதை ஜன்னல் வழியா இவன் பாத்துக்கிட்டு இருந்தான். வாலு மட்டும் ஆடிக்கிட்டு இருந்துது. மாமனார் பக்கத்துல போய் உக்காந்து அவன் காதைத் தடவிக் குடுத்தார். "கொஞ்ச நாள் பொறு மாப்ளே." எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. அப்பவும் கதவைத் திறக்கலை. திரும்ப அந்த நாள் வந்தாலும் திறக்க மாட்டேன். இடுப்பு மூட்டு தேஞ்சு, அஞ்சு வயசுல எழுந்திரிக்கத் தவிக்கற பெரிய நாயை நான் பாத்திருக்கேன்.

இருபது மாசத்துல மறுபடி எக்ஸ்ரே. கறுப்புக் கோடு எங்கயும் இல்லை. இடுப்பு மூட்டும் சுத்தம். மாமனார் படத்தை ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "பிரிச்சிரலாம்"னார்.

மறுநாள் காலையில காலி மனைக்குக் கூட்டிட்டுப் போய்க் கயிறை அவிழ்த்து விட்டோம். சும்மா சொல்லக்கூடாது, குதிரைதான். மூணு சுத்து. மண்ணு பறந்துது. நாலாவது சுத்துல வேப்பமரத்தடியில நின்னு மோந்து பாக்க ஆரம்பிச்சுட்டான். அதுக்கப்புறம் ஓடவே இல்லை. மாமனாருக்கு லேசா ஏமாத்தம்தான். "இதுக்கா இவ்வளவு நாள் காத்திருந்தேன்"ங்கற மாதிரி என்னைப் பாத்தார்.

இப்ப மூணு வயசு தாண்டியாச்சு, 64 கிலோ. தினமும் காலையில அவனும் மாமனாரும் ஒரு மணி நேரம் நடக்கறாங்க. ஒருத்தருக்கு மூட்டு நல்லா இருக்கு, இன்னொருத்தருக்கு வலது முழங்கால் கொஞ்சம் தகராறு. ரெண்டு பேரும் ஒரே வேகம். வண்டியில கட்டி ஓட்டற பேச்சே இப்ப இல்லை. டிவிஎஸ் ஐம்பதை வித்தாச்சு.